குழந்தை பால் கக்கினால் என்ன செய்வது: மலையில் வாழும் தாய்மார்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கைக்குழந்தை பால் கக்குகிறது என்றதும் எங்கள் நீலகிரியில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். முதலில் கிரைப் வாட்டர். அது கேட்கவில்லை என்றால், தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுக்கும் பாட்டி. பிறகு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து. கடைசியில், தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் பால் பவுடர். குழந்தையை எடைபோட்டுப் பார்ப்பதோ, அது பால் குடிப்பதை அருகில் உட்கார்ந்து கவனிப்பதோ இந்த வரிசையில் எங்குமே வருவதில்லை.

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து ஹட்டிகளிலும் (படகர் ஊர்கள்) எஸ்டேட் லைன் வீடுகளிலும் தாய் சேய் நலப் பணிக்காக வீடு வீடாகப் போகிறவள் நான். பாதிப் பிரச்சினை கக்குவதால் வருவதில்லை, வரிசை மாறுவதால் வருகிறது. கீழே உள்ள படிகளைக் கொடுத்திருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் அபாய அறிகுறிகளைப் பாருங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது. கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் குடலில் அடைப்போ முறுக்கோ இருக்கலாம். அது மணிக்கணக்கில் பொறுக்காது. இரத்தமோ, காப்பித்தூள் கலந்தது போன்ற வாந்தியோ வந்தாலும் உடனே போக வேண்டும்.

பிறந்த இரண்டு வாரம் முதல் இரண்டு மாதத்துக்குள், ஒவ்வொரு முறை பால் குடித்ததும் தூரப் பீய்ச்சியடித்து வாந்தி எடுத்துவிட்டு உடனே மறுபடி பசியோடு தேடுகிற குழந்தைக்கு இரைப்பையின் கீழ்வாய் தடித்திருக்கக்கூடும். அறுவைச் சிகிச்சையால் முழுவதும் சரியாகிற கோளாறு இது. தாமதித்தால் குழந்தை வற்றிப் போகும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், உச்சிக்குழி புடைத்திருப்பது, வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, மலத்தில் இரத்தம், துவண்டு கிடப்பது, பாலையே மறுப்பது, மூச்சு வாங்குவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது ஆகியவையும் இந்தப் பட்டியலில்தான் சேரும்.

மலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பந்தலூர், கூடலூர் பக்கம் இருட்டினால் பாதையில் யானை நிற்கும். மழைக் காலத்தில் மண் சரிந்து சாலை அடைபடும். அதனால் ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடாமல், சந்தேகம் வந்த பகலிலேயே கிளம்பிவிடுங்கள். இரவில் அறிகுறி தெரிந்தால் 108-ஐ அழையுங்கள். போகலாமா வேண்டாமா என்ற குழப்பம் இருந்தால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம்.

2. கக்குவது ஏன் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. சுருக்குப்பையின் வாயைப் போல உணவு போனதும் அது இறுகிக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தைக்கு அது அடிக்கடி தானாகத் தளர்ந்துவிடும். குடிப்பதோ முழுக்கத் திரவம், படுத்திருப்பதோ நாள் முழுக்க. பால் மேலே ஏறி வருவதில் ஆச்சரியம் இல்லை.

பெரும்பாலும் இது இரண்டு மாதம் ஆவதற்குள் தொடங்கும், நாலாம் மாத வாக்கில் உச்சத்துக்குப் போகும், குழந்தை உட்காரவும் திட உணவு சாப்பிடவும் ஆரம்பித்ததும் குறையும். ஒரு வயதுக்குள் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நின்றுவிடும். இப்படிப் பால் மேலேறி வரும் எதுக்களிப்பு உள்ள பெரும்பாலான குழந்தைகள் கக்கிவிட்டுச் சிரிக்கும், தூங்கும், எடை ஏறும். இவர்களுக்கு நோய் எதுவும் இல்லை.

கக்கிய பால் தயிர்போலத் திரிந்திருப்பதைப் பார்த்துத்தான் பாட்டிமார் மிகவும் பயப்படுகிறார்கள். “பால் கெட்டுப்போய் வருகிறது, சிஸ்டர்” என்பார்கள். இரைப்பைக்குள் போன பால் அங்குள்ள அமிலத்தில் திரிவதுதான் இயல்பு. குடித்த உடனே வந்தால் பாலாக வரும், அரைமணி கழித்து வந்தால் திரிந்து வரும். தாயின் பாலில் குறை ஏதும் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மாமியாருக்கும் கணவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட வீடுகளில்தான் மூன்றாவது வாரத்திலேயே தாய்ப்பால் நின்றுவிடுகிறது.

3. தேவையானவற்றைத் தயாராக வையுங்கள்

ஒரு நோட்டு, பேனா, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், தாய் சேய் நல அட்டை, கெட்டியான தட்டைப் படுக்கை, முதுகு சாய்த்து உட்காரும் நாற்காலி.

அதோடு பருத்தித் துணிகள், நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு. ஆடி மாதத்திலும் ஐப்பசி மழையிலும் இங்கே துவைத்தது இரண்டு நாளானாலும் காயாது. துணி தீர்ந்துபோனால் நனைந்த சட்டையோடு குழந்தை கிடக்கும். குளிரில் நெஞ்சு ஈரமாக இருப்பது உடல் சூட்டை இறக்கிவிடும், கழுத்து மடிப்பு புண்ணாகும். ஒவ்வொரு முறை கக்கிய பிறகும் கழுத்து மடிப்பை விரித்து ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

4. மூன்று நாள் எழுதுங்கள், எடை பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் மூன்று நாள் நடப்பதை அப்படியே குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குப் பால் கொடுத்தீர்கள், எப்போது கக்கியது, எந்த நிறம், கக்கியதும் சிரித்ததா அழுததா, ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போனது. இந்தக் குறிப்பு இல்லாமல் செய்த மாற்றம் பலன் தந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். “குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது” என்று சொல்லாத தாயே இல்லை. ஒரு தேக்கரண்டிப் பாலை, அதாவது 5 மில்லியை, உலர்ந்த துணியில் ஊற்றிப் பாருங்கள். உள்ளங்கை அளவுக்குப் பரவும். அந்தக் கறையைக் குழந்தை கக்கிய கறையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு தேக்கரண்டிதான் இருக்கும். இதை நான் வீட்டுக்கு வீடு செய்து காட்டுகிறேன். சொல்லிப் புரியாத ஆறுதல் அந்தத் துணியைப் பார்த்ததும் வருகிறது.

உண்மையான நீதிபதி எடைதான். முதல் சில நாட்களில் குறைகிற எடை இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறினால் நல்லது. அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ வாரம் ஒரு முறை, ஒரே தராசில், கம்பளி உடுப்பைக் கழற்றிவிட்டு எடை பாருங்கள். ஸ்வெட்டர், குல்லாய், காலுறையோடு நிறுத்தினால் கிராம்கள் பொய் சொல்லும். ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போய், எடையும் ஏறினால், குழந்தைக்குத் தேவையான பால் உள்ளே தங்குகிறது என்று அர்த்தம்.

எடை ஏறவில்லை என்றால் கீழே உள்ள படிகளைச் செய்துகொண்டே மருத்துவரையும் பாருங்கள்.

5. பால் கொடுக்கும் முறையைச் சரிசெய்யுங்கள்

அதிகப் பலன் கிடைப்பது இங்கேதான். ஆகவே இதற்கு நேரம் கொடுங்கள். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி இரண்டு மூன்று நாள் நோட்டைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

முதலில் வாய் பற்றுவதைப் பாருங்கள். வாய் அகலத் திறந்து, தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வியிருந்தால் குடிக்கும்போது ‘டக், டக்’ என்று ஒலி கேட்கும். ஒவ்வோர் ஒலிக்கும் பாலோடு காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்று மேலே வரும்போது பாலையும் கூட்டிக்கொண்டு வரும். ஒலி கேட்டால் சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பற்றை விடுவித்து மறுபடி பிடிக்க வையுங்கள்.

அடுத்து, அழுவதற்கு முன்பே கொடுங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பித் தேடுவது ஆகியவை பசியின் முதல் அடையாளங்கள். வீறிட்டு அழுத பிறகு குடிக்கிற குழந்தை அவசரத்தில் காற்றை விழுங்கும். அதே சமயம் ஒவ்வோர் அழுகைக்கும் பால்தான் பதில் என்று நினைக்காதீர்கள். ஆறாவது வார வாக்கில் எல்லாக் குழந்தைகளும் அதிகம் அழும். அதைப் பசி என்று எண்ணி ஏற்கெனவே நிரம்பிய வயிற்றில் மேலும் ஊற்றினால் வழியத்தான் செய்யும்.

இரவில் கம்பளிக்குள் படுத்தபடியே பால் கொடுப்பது இங்கே வழக்கம். குளிருக்கு அது இதமாக இருக்கும். ஆனால் கக்கும் குழந்தைக்கு வயிறும் வாயும் ஒரே மட்டத்தில் இருப்பது நல்லதல்ல. சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, குழந்தையின் தலை வயிற்றைவிட உயரமாக இருக்கும்படி பிடியுங்கள்.

தேயிலைத் தோட்டத்து வேலைக்குத் திரும்பிய தாய்மார்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மதியம்தான் வருவார்கள். மார்பு கட்டிக்கொண்டு கல்லாக இருக்கும். வாய் வைத்ததும் பால் பீய்ச்சும், குழந்தை மூச்சுத் திணறி, இருமி, மடக்கு மடக்கென்று விழுங்கி, ஐந்து நிமிடத்தில் பாதியைக் கக்கிவிடும். இதை வயிற்றுக் கோளாறு என்று நினைக்கிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் மார்பு கொஞ்சம் இளகும்வரை கையால் பீய்ச்சி எடுங்கள். பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து குழந்தையை மேலே படுக்க வைத்தாற்போலக் கொடுத்தால் வேகம் தணியும். ஒரு பக்கத்தை முழுக்கக் குடிக்க விட்டு, பிறகு அடுத்த பக்கம். எடுத்த பாலைச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்தால் காப்பகத்தில் பாலாடையால் கொடுக்கவும் உதவும். எனக்குத் தெரிந்த வரையில் இந்த ஒரு மாற்றமே பல எஸ்டேட் வீடுகளில் போதுமானதாக இருந்திருக்கிறது.

தாயின் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். பருப்பு, கீரை, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சோறும் ரசமும் மட்டும் தருவது தாயை வதைப்பதே தவிரக் குழந்தைக்கு உதவாது. தேநீரை மட்டும் இரண்டு மூன்று கோப்பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. ஏப்பம் எடுக்கவும் நிமிர்த்திப் பிடிக்கவும்

ஒரு மார்பிலிருந்து மறு மார்புக்கு மாற்றும்போது ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை ஏப்பம் எடுங்கள். மடியில் உட்கார வைத்து ஒரு கையால் தாடையையும் நெஞ்சையும் தாங்கி மறு கையால் முதுகை மெதுவாகத் தடவினாலே போதும். பலமாகத் தட்டினால் ஏப்பத்தோடு பாலும் வரும். சில நிமிடங்களில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஒழுங்காகப் பற்றிக் குடிக்கும் குழந்தைக்கு ஏப்பமே இல்லாமலும் இருக்கலாம்.

பிறகு 20 முதல் 30 நிமிடம் நெஞ்சோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்திருங்கள். இங்கே பலரும் செய்யும் பிழை, ‘நிமிர்த்தி’ என்பதை ‘உட்கார்த்தி’ என்று எடுத்துக்கொள்வது. தலையணைகளுக்கு நடுவிலோ கார் இருக்கையிலோ சாய்த்து உட்கார்த்தினால் குழந்தை இடுப்பில் மடிந்து வயிறு அழுந்தும். உடல் நேராக இருக்க வேண்டும். தாத்தாவும் அப்பாவும் செய்யக்கூடிய வேலை இது. இரவில் இந்த அரைமணியை அவர்கள் எடுத்துக்கொண்டால் தாய் தூங்கலாம்.

7. கட்டு, குளியல், புகை

குளிர் ஊர் என்பதால் குழந்தையை நாலைந்து அடுக்குச் சுற்றி இறுக்குகிறோம். வயிற்றைச் சுற்றி இறுக்கமான நாடாவோ துணிக்கட்டோ இருந்தால் இரைப்பை அழுந்திப் பால் மேலேறும். அடுக்குகள் இருக்கட்டும், ஆனால் நாப்கினுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் எளிதாகப் போக வேண்டும்.

நாப்கினைப் பால் கொடுப்பதற்கு முன் மாற்றுங்கள். வயிறு நிறைந்த குழந்தையின் இரண்டு காலையும் தூக்கி மடக்குவது வயிற்றைப் பிழிவதற்குச் சமம். எண்ணெய் தேய்ப்பதும் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும் அப்படியே. குளியல் முதலில், பால் பிறகு. குப்புறப் படுக்கவைத்து விளையாட்டுக் காட்டுவதும் பால் குடித்து ஒரு மணி நேரமாவது கழித்து.

குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவதை விட்டுவிடுங்கள். புகை குழந்தையை இருமவைக்கும், இருமல் பாலை வெளியே தள்ளும். பீடி, சிகரெட் புகை எதுக்களிப்பை அதிகமாக்கும். கரிக் கணப்பை மூடிய அறைக்குள் வைப்பது இன்னும் மோசம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தூங்குகிறவர்களின் உயிரையே எடுத்துவிடும்.

8. மல்லாக்கப் படுக்கவையுங்கள்

இதில்தான் எனக்கு மிக அதிக எதிர்ப்பு வருகிறது. “மல்லாக்கப் படுத்தால் கக்கியது புரையேறிவிடாதா?” என்று கேட்பார்கள். ஏறாது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிறது. குப்புறவும் ஒருக்களித்தும் தூங்கவைப்பது திடீர் மரண ஆபத்தைக் கூட்டுகிறது.

தலைக்குத் தலையணை வைப்பதும் படுக்கையைச் சாய்ப்பதும் தூங்கும் குழந்தைக்குக் கூடாது. குழந்தை சறுக்கி, தாடை நெஞ்சில் இடித்து, மூச்சு அடைபடும். சேலையில் கட்டிய தூளியிலும் இதே ஆபத்து: உடல் வளைந்து வயிறு மடிகிறது, தலை முன்னால் கவிழ்கிறது. பால் குடித்த கையோடு தூளியில் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அரைமணி நிமிர்த்திப் பிடித்து, கெட்டியான சமப் படுக்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

கக்கும்போது திணறி முகம் நீலமாகி அழ முடியாமல் போனால், முன்கையில் குப்புறப் போட்டுத் தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். பலனில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே யாரையாவது 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

9. புட்டிப்பால் தவிர்க்க முடியாதபோது

மருத்துவர் சொல்லிப் பால் பவுடர் கொடுப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, சுமார் 92, 93 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். எனவே கொப்பளிக்கத் தொடங்கியதும் இறக்காமல் முழுதாக 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். பவுடரைக் கலக்கும்போது நீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பவுடரில் கிருமிகள் இருந்தால் அந்தச் சூடுதான் அவற்றைக் கொல்லும். இங்கத்திய குளிரில் நீர் சீக்கிரம் ஆறிவிடும், ஆகையால் இறக்கியதும் மூடிவைத்துச் சுணங்காமல் கலக்குங்கள். பிறகு உடல் சூட்டுக்கு ஆறவைத்துக் கொடுங்கள்.

டப்பாவில் சொன்ன அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ‘கெட்டியாக இருந்தால் வயிற்றில் நிற்கும்’ என்று ராகியோ அரிசி மாவோ கலப்பது மருத்துவர் சொல்லாமல் கூடாது. நாள் முழுவதற்கும் எடையில் கிலோவுக்கு 150 மில்லி என்பது பொதுவான கணக்கு. அதைச் சிறு சிறு அளவாகப் பிரித்துக் கொடுங்கள். புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது.

10. மலைப்பாதையில் போகும்போது

மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதானாலும், கல்லட்டியின் 36 கொண்டைஊசி வளைவுகளில் மசினகுடிக்குப் போவதானாலும், கிளம்புவதற்கு முக்கால் மணி முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள். ஓடும் வண்டியில் கொடுக்காதீர்கள். வழியில் பசித்தால் பர்லியார் போன்ற இடத்தில் வண்டியை நிறுத்திக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடித்த பிறகு கிளம்புங்கள். கார் இருக்கை பயணத்துக்கு மட்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் அதிலேயே தூங்க விடாதீர்கள்.

11. இவற்றைச் செய்யாதீர்கள்

தொக்கம் எடுப்பது, உரம் எடுப்பது, குடலேற்றம் தட்டுவது என்று குழந்தையை ஊதி, உறிஞ்சி, தலைகீழாகப் பிடித்து, துணியில் போட்டு உருட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். செய்பவர்கள் அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் தொண்டையில் புண்ணும், புரையேறுதலும், கழுத்தில் அடியும் நேரக்கூடும். கக்குவது நின்றால் அது தானாக நிற்கிற நாளில் நின்றதாகத்தான் இருக்கும்.

உரை மருந்து, வசம்பு, ஓமத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் ஆறு மாதத்துக்குள் வேண்டாம். தேன் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது. அதிலுள்ள நுண்ணுயிர் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். பாட்டி மனம் நோகாமல் இதைச் சொல்ல ஒரு வழி உண்டு: எண்ணெய்க் குளியலையும் நிமிர்த்திப் பிடிக்கும் அரைமணியையும் அவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள்.

12. மருந்து எந்த இடத்தில் வருகிறது

சிரித்து விளையாடி எடை ஏறும் குழந்தைக்கு மருந்து தேவையில்லை. அமிலத்தைக் குறைக்கும் மருந்து கக்குவதை நிறுத்தாது, வருகிற பாலின் புளிப்பைத்தான் குறைக்கும். வாந்தியை நிறுத்தத் தரப்படும் டோம்பெரிடோன் சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது ஆபத்து, இதயத் துடிப்பின் ஒழுங்கை அது பாதிக்கக்கூடும். பழைய சீட்டை வைத்து, அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் மருந்தை வாங்குவதையும் விட்டுவிடுங்கள். 2022-ல் இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தே அது நீக்கப்பட்டது.

குழந்தை பால் குடிக்கும்போதே முதுகை வில்லாக வளைத்து அழுவது, எடை நின்றுபோவது ஆகியவை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் நோட்டோடு போங்கள். தோலில் கரப்பானும் மலத்தில் சளியோ இரத்தமோ இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையா என்று கேளுங்கள். அதற்காகத் தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால் பொருட்களை விட்டுப் பார்ப்பது மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகக் கக்கத் தொடங்கினாலோ, ஒரு வயது தாண்டியும் நிற்கவில்லை என்றாலோ, எடை சரியாக இருந்தாலும் ஒரு முறை காட்டிவிடுங்கள்.